மழை வேஷம்

நாலு வயது டில்டாவுக்குப்
பேய் வேண்டாம், பூனை வேண்டாம்.
மழையாகப் போக வேண்டுமாம்.

சஸ்கட்டூனில் ஹாலோவீன் என்றால்
பனிக்கோட்டுக்கு மேலேதான் எந்த வேஷமும்.
லாரி ஷெட்டிலிருந்து வந்த கையோடு ஆர்லன்
ரொட்டிப் பைகளை வார் வாராகக் கிழித்து
கம்பி உடைந்த குடையின் விளிம்பெங்கும் ஒட்டினான்.
செலவு: டேப் ஒன்று, ஒன்றேகால் டாலர்.

முதல் வீட்டில், "ஜெல்லிமீனா?"
அடுத்த வீட்டில், "சரவிளக்கா?"
மிட்டாயை வாங்கிக்கொண்டாள்,
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

மூலை வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.
உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்.
"அடடா!" என்று ஓடிப்போய்
கைப்பிடிச் சுவரில் காய்ந்த கம்பளத்தை
உள்ளே இழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில்
குளிருக்கு டேப் பிடி விட்டது.
தெரு நெடுக அவள் தூறிக்கொண்டே போக,
பின்னால் குனிந்து குனிந்து
மழையைப் பொறுக்கிக்கொண்டு வந்தான் அப்பா.