நாலாம் விதி

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில்
அரிசிக் கணக்கு எழுதுகிறவன் என்பதால்
விழிப்புக் குழுவுக்கும் என்னையே செயலாளராக்கினார்கள்.
நாற்பது பக்கக் கொப்பி.
பூவரசம் பொல்லுகள் பதினாறு, பெயின்றால் இலக்கமிட்டவை.
இரவு ஒன்பதுக்குக் கையெழுத்து வைத்து எடுப்பது,
விடிய ஐந்துக்குத் திருப்பித் தருவது.
குடித்தவனுக்குப் பொல்லு இல்லை.
வேலித் தகராறு உள்ளவன்
எதிராளியின் ஒழுங்கையில் காவல் நிற்கக்கூடாது
(இதற்குத்தான் கூட்டத்தில் பெருஞ்சத்தம்).

நாலாம் விதி என் யோசனை:
அடிக்க முதல் "ஆர்?" என்று மூன்று தரம் கேட்கவேண்டும்.
பதில் வரும்வரை பொறுக்கவேண்டும்.
"தம்பி கோட்டில நிண்டிருக்கவேண்டிய ஆள்"
என்றார் விதானையார்.
அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

ஆமி ட்ரக்குக்கு எங்களிடம் விதி இல்லை.
பெடியளின் சைக்கிளுக்கும் இல்லை.
வெளிச்சம் கண்டால் பொல்லுகளை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு
கிணற்றடியில் முகம் கழுவுகிறவர்களாகிவிடுவோம்.
கொப்பி, கோழிக் கள்ளனுக்கும்
முகம் தெரியாதவனுக்கும் மட்டுந்தான்.

மாசிப் பனி.
பதினொராம் பொல்லு விடிய ஈரமாக வந்தது.
கழுவியிருந்தார்கள்.
கையெழுத்து குணநாயகம். நேரம் சரி.

பாக்கியராசாவுக்குச் சுண்ணாகம் பவர் ஹவுசில் இரவு வேலை.
டீசல் இல்லையென்று நேரத்தோடு விட்டுவிட்டார்களாம்.
பனிக்குத் தலையில் துவாய்,
காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு
குறுக்கு ஒழுங்கையால் வந்திருக்கிறான்.
மூன்று தரம் கேட்டோம் என்று
கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிறார்கள்.
நான் நம்புகிறேன்.

அவன் பிறவிக் கொன்னை.
தன் பெயரின் முதலெழுத்தைத் தாண்டுவதற்குள்
கூப்பன் வரிசை முழுக்க நிலத்தைப் பார்க்கும்;
நான் பேனையை மேசையில் வைத்துவிட்டுப் பொறுத்திருப்பேன்.
எவ்வளவு நேரம் என்று
ஊரில் எனக்குத்தான் சரியாகத் தெரியும்.
எழுதவில்லை.

அடுத்த கூட்டத்தில் திருத்தம் கேட்டார்கள்.
பத்து மூச்சா, இருபதா?
முடிவதற்குள் இரண்டு பெடியள் வந்து
கொப்பியை வாங்கிப் புரட்டினார்கள்.
"வடிவான எழுத்து ஐயா.
இனி நாங்கள் பாக்கிறம்."
அவர்கள் தோளில் கிடந்ததில் நான் இலக்கம் தேடினேன்.

வெள்ளிக்கிழமை அவன் மனைவி சங்கத்துக்கு வந்தாள்.
பங்கீட்டு அட்டையில் ஒரு பெயரை வெட்டவேண்டும்.
எந்தப் பெயர் என்று
வாயால் கேட்டு எழுதவேண்டும், அதுதான் ஒழுங்கு.
கேட்டேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.

பேனையை மேசையில் வைத்தேன்.