மாவுத் தூக்கின் மேல் ஒரு கல்

மூன்று விசில் என்று அடித்துச் சொல்பவர்களை
நான் நம்புவதில்லை.
எந்தக் குக்கர், எந்தத் தண்ணீர்,
வாஷர் மாற்றி எத்தனை வருஷம்?
எங்கள் தண்டையார்பேட்டை லாரித் தண்ணீரில்
துவரம்பருப்பு ஆறு விசிலுக்கும் அசையாது.
ஏழாவதில் மனசு வைத்தால் உண்டு.

மிக்ஸியைப் பற்றி நல்லதாக ஒன்று:
அது ஓடும்போது
மாடிவீட்டு சீரியல் கேட்காது.

நெத்திலிக் குழம்பில் தக்காளியை அள்ளிப் போடுவது
பயந்தவர்கள் பழக்கம்.
மாங்காய் கிடைத்தால் மாங்காய்,
இல்லையா, புளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.
"போன்ல பாத்துதானே ஆக்குறே?" என்றாள்
காசிமேட்டில் மீன் விற்கும் ரெஜினா.
ஆமாம் என்றேன்.
அந்தப் போனில் சமைக்கிற பெண்
மீனே கழுவியதில்லை போல,
பத்து நகத்திலும் சாயம் அப்படியே இருக்கிறது.

பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் பெட்டி
ரெஜினாவின் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது.
"நூற்று எண்பது ரூபாய் பெறப்பட்டது."
கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கும்
ஒரு குரல் வைத்திருக்கலாம்,
கொஞ்சம் மெதுவானதாக.

வழி சொல்லும் பெண்ணுக்கு எண்ணூர் ரோடு தெரியாது.
"நேராகச் செல்லவும்" என்கிறாள்.
நேரே ஒரு நாற்பதடி கன்டெய்னர்
குறுக்கில் திரும்பிக்கொண்டிருக்கிறது.
கிளீனர் பையன் கையை வெளியே விட்டு ஆட்டுகிறான்.
அந்த ஒரு கைதான்
இண்டிகேட்டர், பிரேக் லைட், மன்னிப்பு, எல்லாம்.

ஹெல்மெட்டில் கொத்தமல்லி வாங்கி வருகிறவர்
ஒருவரை எனக்குத் தெரியும்.
நான்தான்,
போன மாதம் வரை.

பிளாரன்ஸுக்கு ஸ்டான்லியில் இரவு டூட்டி,
தலைக்காய வார்டு.
ஹெல்மெட் வாங்கப் போனபோது
அவள் நிறமும் பார்க்கவில்லை, விலையும் பார்க்கவில்லை.
என் தாடைக்கடியில் இரண்டு விரலை விட்டு
பட்டையை இழுத்துப் பார்த்தாள்.
கடைக்காரர் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன்.

லாரி நடுரோட்டில் நின்றுவிட்டால்
பின்னால் மூன்று கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வைப்பார்கள்.
நல்ல வழக்கம், குறை சொல்லமாட்டேன்.
லாரி சரியாகிப் போய்விடும்.
கிளையை மாடு தின்றுவிடும்.
கல் அங்கேயே கிடக்கும்.
விளக்கெரியாத இடத்தில்
கல்லுக்குப் பின்னால் யார் கல் வைப்பது?

முன்சக்கரம் ஏறி, இறங்கி, ஆடி, நின்றது.
விழவில்லை.
ரசம் மட்டும் கொட்டியது, பேண்ட் முழுக்கப் பூண்டு வாசம்.
போன் டார்ச்சைப் போட்டேன்
(அந்தக் கருவியில் நான் குறையே சொல்லாத ஒரே விஷயம்).
இரண்டு கல்லை உருட்டி ஓரம் தள்ளினேன்.
மூன்றாவது சின்னது, ஒரு பக்கம் தட்டை.
ஏனோ தெரியவில்லை,
அதை வண்டியின் கால்வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டேன்.

மூன்று முறை கழுவினேன், கல்லுப்பு போட்டு.

வெயில் காலத்தில் எங்கள் மாவு
மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.
இப்போது வருவதில்லை.

காலையில் டூட்டி முடிந்து வந்தவள்
கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
அடியில் தார் ஒட்டியிருந்தது.
நேற்று ரசம் ஏன் இல்லை என்று
அவள் இன்னும் கேட்கவில்லை.
கல்லை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
கை கழுவப் போனாள்,
வெகுநேரம் கழுவினாள்.

முதல் தோசை பிய்ந்து வந்தது.
அதற்கு என்ன காரணம் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு.
சொல்லவில்லை.