பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

காலை ஒன்பது மணி.
மழைமானியின் நீரை ஊற்ற வேண்டிய கண்ணாடியைக்
கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்று எழுதுகிறேன்.
நேற்றும் அதுதான். எட்டு மாதமாய்
அநேகமாக அதுதான்.
ரேடியோவில் தராவாவுக்குச் சொல்லும்போது
எதிர்முனைக்காரர் "சரி, மேரே" என்கிறார்,
நான் சொல்லி முடிக்கும் முன்பே.

கிணறு இருக்கிறது.
கடல் ஏறினால் ஏறுகிறது, வடிந்தால் வடிகிறது.
உப்புநீரின் மேல் பாலேடுபோலப் படிந்திருந்த
நல்ல தண்ணீரை வழித்தெடுத்தாயிற்று.
பாபாய்க் குழியில் இலைகள் ஓரம் கருகிவிட்டன.
தேநீரில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும்
உப்புதான் முந்துகிறது.

போன வாரம் படகில் மூன்று பேர் வந்தார்கள்.
குளத்தின் நடுவே மிதவை கட்டி
நீளக் குழாயை இறக்கி
மீனின் நடுமுள்ளை உருவுவதுபோல்
சேற்றை முறியாமல் உருவினார்கள்.
கறுத்த வரி, மழை பெய்த காலம்.
வெளிறிய வரி, பெய்யாத காலம்.
நெற்றி உரிந்திருந்த ஒரு பெண்
வெளிறிய இடத்தில் விரலை வைத்துச் சொன்னாள்:
"இந்த ஒரு விரற்கடை எழுபது வருஷம்.
மழையே இல்லை என்றில்லை.
போதவில்லை."

எனக்கு அந்தச் சொல் பழக்கம்.
இரவில் படுத்துக்கொண்டு யோசித்தேன்,
அந்த விரற்கடைக்குள் யார் யார் இருந்தார்களோ.
ஒருத்தி பிள்ளை பெற்றிருப்பாள்,
பால் சுரக்கவில்லை என்று அழுதிருப்பாள்.
ஒருவன் மேகம் தெரிந்த திசைக்குப்
படகைத் தள்ளிக்கொண்டு போயிருப்பான்.
சேற்றில் அவன் போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

வியாழக்கிழமை
மழைமானியில் இரண்டு மில்லிமீட்டர்!
வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.
மணலில் சின்னக் காலடிகள்.
பக்கத்து வீட்டு தொகாரே, ஆறு வயது.
கூப்பிட்டுக் கேட்டேன்.
"தினமும் காலியா இருக்கு.
அதான் என் பங்குல கொஞ்சம் ஊத்தினேன்."

பங்கு என்பது ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர்,
இயந்திரம் கடலைப் பிழிந்து தருவது,
அதுவும் டீசல் இருக்கும் நாளில்.

விதிப்படி கீழே கொட்ட வேண்டும்.
சுற்றுமுற்றும் பார்த்தேன்.
ஒரு வாய்கூட இராது,
குடித்துவிட்டேன்.
உப்பே இல்லை.

"எழுதிட்டீங்களா?" என்றான்.
எழுதிவிட்டேன் என்றேன்.
என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை.
மானியின் உலர்ந்த வாய்க்குள்
ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
நண்டு பிடிக்க ஓடிவிட்டான்.