ஓராள் தடம்

சாஸ்கட்டூனில் ஜனவரி.
ஒருவர் போகும் அகலத்துக்கே
பனி வழித்த நடைபாதை.
இருபுறமும் இடுப்பளவு வெண்சுவர்.

"இடப்பக்கம்!"
பின்னாலிருந்து கத்தினாள் ஒக்சானா.
இடப்பக்கமாய் வருகிறேன் என்பது அவள் பொருள்.
இடப்பக்கம் ஒதுங்கு என்பது
லெக்லேர் காதில் விழுந்தது.
டூலிக்கு இரண்டுமில்லை.
உப்பு எரிந்த பாதத்தை நக்கிக்கொண்டு
நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

கயிறு, முழங்கால், கையுறை, ஒரு கெட்ட வார்த்தை.
யார் முதலில் மன்னிப்புக் கேட்டார்கள் என்பதில்
இன்றுவரை இரண்டு கணக்கு.

மறுநாள் என் ஜன்னலுக்கு எதிரே
வெண்சுவரில் ஒரு மாடம்.
ஒரு மனிதரும் ஒரு நாயும் நிற்குமளவு
மிதித்து மிதித்து இறுக்கியது.
கயிற்றைக் குறுக்கிப் பிடித்து
அதற்குள் நின்றார்.
அவள் ஒன்றும் சொல்லாமல் கடந்தாள்.
பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி.

நேற்றிரவு புதுப்பனி.
இன்று அவள்தான் முந்தி வந்தாள்.
தூர்ந்து கிடந்தது மாடம்.
கைக்கடிகாரத்தை நிறுத்தினாள்.
மிதிக்கத் தொடங்கினாள்.

அவர்கள் வந்தபோது
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.
லெக்லேர் கையுறையைக் கொஞ்சம் உயர்த்தினார்.
டூலி மட்டும் நின்றது,
மோந்தது, யோசித்தது,
அவள் காலணிக்கு நாலு விரல் தள்ளிக்
காலைத் தூக்கி
மஞ்சளாய் ஓர் எல்லைக்கல்
நட்டுவிட்டுப் போனது.