மூன்றாம் விசில்

அஞ்செட்டி தாண்டி நாலாவது வளைவில்
டயர் உட்கார்ந்துவிட்டது.
"ஸ்டெப்னி மாத்த அரைமணி ஆகும்,
கெளம்பறப்ப விசில் அடிக்கறேன்"
என்றார் நடத்துநர் சாதிக்.

சாலையை விட்டு இறங்கினால்
ஓடை என்று பேர், வெறும் மணல்.
உண்ணிச்செடியும் சூரையும் பின்னிக் கிடந்த கரையில்
தரையோடு ஒட்டிய நிழலுக்குள்
ஒரு கறுப்பு
இடம் மாறியது.

கரிச்சான் என்றால் கம்பியில் இருக்கும்,
வாலைக் கத்தரியாய்ப் பிரித்து, ஊருக்கே தெரிய.
கருஞ்சிட்டு என்றால் இந்நேரம்
பாறைமேல் ஏறி வாலைத் தூக்கி
என்னை விசாரித்திருக்கும்.
குண்டுக்கரிச்சானுக்கு இறக்கையில் வெள்ளைக் கோடு.
இதற்குக் கோடு உண்டா என்று பார்ப்பதற்குள்
இலை மட்டும் ஆடுகிறது.
பைனாகுலர் முழுக்க முள்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
சின்னான், ஒன்று. தையல்சிட்டு, ஒன்று.
வல்லூறு, குரல் மட்டும்.
வல்லூறும் சின்னானும்
ஒரே புதரில் குடித்தனம் நடத்துமா என்று
அப்போது உறைக்கவில்லை.

விசில்.
முழங்கால் சிராய்க்க மேலே ஓடினேன்.
சாதிக் நட்டுகளைத் துண்டில் பரப்பி
எண்ணிக்கொண்டிருந்தார்.
"நான் அடிக்கலையே."
இறங்கினேன். மறுபடி விசில், மறுபடி ஓட்டம்.
கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த புட்டம்மா
பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:
"பாவம், சாருக்கு வயிறு சரியில்ல."

அப்புறம்தான் புரிந்தது.
நாளைக்கு நாலு நடை போகிற பஸ்.
நீளம் ஒன்று, குட்டை இரண்டு;
கேட்டுக் கேட்டு
பாடமாக்கி வைத்திருக்கிறது புதருக்குள் இருப்பது.
மூன்று பெயரையும் அடித்துவிட்டு
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.
நிழலில் எதுவும் கறுப்புத்தான்.
வயிறு செம்மண் நிறமாக இருக்கலாம்.
இருந்தால் அதற்கொரு பெயர் இருக்கிறது:
சோலைபாடி.
இங்கே எது சோலை?

மூன்றாம் விசில் வந்தது.
நீளம் ஒன்று, குட்டை இரண்டு.
அச்சு அசல் என்று மெச்சிக்கொண்டேன்.
பிறகு இன்ஜின் சத்தம் வந்தது.
ஒரு கணம்
அதையும் மெச்சினேன்.

பதறி எழுந்த வேகத்தில்
புதரைப் பிளந்துகொண்டு பறந்தது அது.
வெயிலில் ஒரு விநாடி:
செம்மண் வயிறு, நீண்ட வால்,
வால் தொடங்கும் இடத்தில்
சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை.

வளைவில் பஸ்ஸின் முதுகும் தெரிந்தது,
'ஒலி எழுப்பவும்' என்று
எழுத்துக்கூட்டிப் படிக்கிற தூரத்தில்.

சோலைபாடி, ஒன்று, ஆண்.
அடுத்த பஸ் நாலேகாலுக்கு.
என் பையும் தண்ணீர் பாட்டிலும்
புட்டம்மாவின் கோழிகளோடு
நாட்றாம்பாளையம் போய்க்கொண்டிருந்தன.