கணக்கில் வராத துளை

நகரசபை எனக்குத் தந்தது
ஒரு மடக்கு நாற்காலி, மஞ்சள் மேலங்கி,
அமுக்கினால் 'டிக்' என்னும் ஓர் எண்ணுமானி.
காலை ஏழிலிருந்து ஒன்பது,
மாலை நாலிலிருந்து ஆறு.
அந்நேரம் நடப்பவர்கள் பாதசாரிகள்.
மற்ற நேரம் நடப்பவர்களுக்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

ஸ்கார்பரோ. மார்க்கம் ரோட்டுக்குக் கிழக்கே
இரண்டு பதினெட்டு மாடிகள்.
அவற்றுக்கும் பஸ் தரிப்புக்கும் நடுவில் கம்பி வேலி.
யார் போட்டது?
கட்டட நிர்வாகம் நகரசபையைக் காட்டும்,
நகரசபை ஒரு பழைய வரைபடத்தைக் காட்டும்,
வரைபடம் ஒரு கோட்டைக் காட்டும்.
வேலி பயிரை மேய்ந்த கதை தெரியும்.
இது நிமிடங்களை மேய்ந்தது:
சுற்றிப் போனால் பதினொன்று,
துளைக்குள் குனிந்தால் இரண்டு.

ஆம், துளை.
ஓர் ஆள் குனியும் அளவுக்கு யாரோ வெட்டியிருந்தார்கள்.
வெட்டிய கம்பி நுனிகளில்,
பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே வரும் நுனிகளில் மட்டும்,
யாரோ டெனிஸ் பந்துகளைக் கீறிச் செருகியிருந்தார்கள்.
எங்கள் பொறியியல் பிரிவில்
இவ்வளவு யோசித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

காலை பதினாறு. மாலை இருபத்தொன்று.
"தேவை நிரூபணமாகவில்லை" என்றார் மேலாளர்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.
நன்றாகத்தான் தூங்கினேன்,
மூன்றே முக்காலுக்கு அலாரம் வைத்துவிட்டு.

ஜனவரி. மைனஸ் பத்தொன்பது.
வீதியை வழித்த இயந்திரம்
பனி முழுவதையும் நடைபாதையில் குவித்துவிட்டுப் போயிருந்தது.
துளையை நோக்கி மட்டும் ஒரு தடம்,
ஒரு சப்பாத்து அகலம்,
யாரும் துப்புரவாக்காதது,
மிதித்து மிதித்தே ஆனது.

நாலு முப்பத்தெட்டு: கோசலை. விமான நிலையக் கழிவறைகள்.
நாலு நாற்பது: மரிசெல். முதியோர் இல்லம், கையில் பிளாஸ்க்.
நாலு நாற்பத்தொன்று: ஒசேய். கோழி ஆலை.
குனியும்போது அவன் தொப்பி எப்போதும் கம்பியில் மாட்டுமாம்,
சிரித்தான்.
பிறகு பெயர் கேட்க நேரமில்லை.
டிக். டிக். டிக் டிக்.
நாலு ஐம்பத்திரண்டு பஸ் கதவை மூடியபோது
அறுபத்து நான்கு.
சம்பளமில்லாத எண். படிவத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்.

குழுக்கூட்டம் செவ்வாய் காலை ஒன்பதரை.
அறுபத்து நான்கு பேரில் ஒருத்தி வந்தாள்,
ஒரு நாள் கூலியைக் கழித்துக்கொண்டு.
பேச மூன்று நிமிடம்.
"நீங்கள் எண்ணுற நேரம் நான் அங்க நடக்கிறதில்லை.
நீங்கள் வந்திறங்கிற தரையைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறன்."
மொழிபெயர்ப்பாளர் 'துடைச்சு' என்பதை
'பணியாற்றி' என்றார்.
நான் திருத்தவில்லை. பின்வரிசையில் ஓர் ஊழியன்.
மிச்சம் இரண்டு நிமிடத்தை வைத்துவிட்டு
கோசலை உட்கார்ந்தாள்.
கடிகாரம் அதையும் ஓட்டி முடித்தது.

ஐந்துக்கு மூன்று. தீர்மானம் நிறைவேறியது.
ஜூனில் கொங்கிரீட் பாதை வந்தது,
சக்கர நாற்காலிக்குச் சரிவு, ஒரு விளக்கு, பச்சைக் கதவு.
ரிப்பன் வெட்டியவர்கள் பகல் பதினொரு மணிக்கு
அதனூடாக இருமுறை நடந்தார்கள்,
படம் முதல்முறை சரியாக வராததால்.
கதவில் பலகை:
காலை ஆறு முதல் இரவு பத்து வரை.
உங்கள் பாதுகாப்புக்காக.

மறுநாள் நாலரைக்கு நாற்காலியை விரித்தேன்.
பூட்டு புதிது. விளக்கு அதைத் தெளிவாகக் காட்டியது.
கோசலை பார்த்தாள். மரிசெல் பார்த்தாள்.
ஒசேய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சுற்றி ஓடினார்கள்.
பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் திரும்பிப் போயின.

வியாழக்கிழமை
கதவுக்கு இடப்பக்கம் நாலடி தள்ளி
கம்பி வெட்டப்பட்டிருந்தது.
பந்துகள் மூன்று, புதியவை,
இன்னும் மஞ்சள் மங்காதவை.

வெட்டியது யார் என்று கேட்டு
அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவர்கள் கேட்காததற்கு இருக்கிறது.
இம்முறை பேனாவால் எழுதினேன்:
எழுபத்தொன்று.