சாவி என்னிடம்

இந்த ஊரில் கம்பங்களில் கம்பி தொங்காது.
காக்கை உட்கார ஒரு வயர் கிடையாது.
மின்சாரம் எல்லாம் காலடியில்,
நடைபாதைக் கல்லுக்குக் கீழே,
மழைமரத்து வேரோடு உரசிக்கொண்டு.
முப்பத்தொன்பது வயதுவரை
அதன்மேல்தான் நடந்திருக்கிறேன், தெரியாமல்.

ஈசூனில் பதினோரு வருடம் கல்லாவில்.
பீப், பீப், பை வேண்டுமா.
பிறகு கல்லாவே தானாகப் பேசக் கற்றுக்கொண்டது.

செவ்வாய், வியாழன் இரவு ஜூரோங்கில் வகுப்பு.
பன்னிரண்டு பேரில் பெண் நான் மட்டும்.
கையுறை எல்லாமே ஒரு சைஸ் பெரியது.
பயிற்சியாளர் ஹஸிக்கா என்னைவிடப் பதினான்கு வயது இளையவள்.
‘காக்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே
நான் முறுக்கியதை எல்லாம் பிரித்துப்போடுவாள்.

பழைய வீட்டில் கறுப்பு என்றால் நியூட்ரல்.
புதிய வீட்டில் அதே கறுப்பில் உயிர் ஓடும்.
அன்றைக்கு நீலம் அடிக்கும், இன்றைக்கு நீலம் சாது.
நிறத்தை நம்பிக் கைவைக்காதீர்கள், என்றாள்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

செத்துவிட்டதா என்று மூன்று முறை கேட்க வேண்டும்.
முதலில் உயிருள்ள இடத்தில் டெஸ்டரை வை.
பிறகு செத்ததாகச் சொல்லப்படும் கம்பியில்.
பிறகு திரும்பவும் உயிருள்ள இடத்தில்.
நடுவில் டெஸ்டரே செத்திருந்தால்?
அதற்குத்தான்.

தேர்வன்று
பிரேக்கரை இறக்கிச் சிவப்புப் பூட்டை மாட்டினேன்.
அட்டையில் பெயருக்கு இடம் கொஞ்சம்;
கோகிலவாணி கோகியானாள்.
அதற்கு மேலே நான்கு மொழியில் ஒரே எச்சரிக்கை.
தாய்மொழிப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு
இப்போது தினமும் வாசிக்கும் ஒரே தமிழ்ச்சொல்:
அபாயம்.

சாக்கெட்டில் வைத்தேன், எரிந்தது.
கம்பியில் வைத்தேன், எரியவில்லை. நல்லது.
திரும்பச் சாக்கெட்டில் வைத்தேன்.
எரியவில்லை.

இன்னும் நான்கு நிமிடம்.
பக்கத்து மேசையில் டாக்சி ஓட்டிய ஹெங்
முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.
கையைத் தூக்கினேன்.
டெஸ்டர் செத்துப்போச்சு.
கம்பி எப்படியென்று எனக்குத் தெரியாது.
தெரியாது என்ற சொல்லை
இவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை.
ஹஸிக்கா வேறு டெஸ்டரைத் தந்தாள்,
தாளில் என்னமோ குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில்
புக்கிட் கோம்பாக் தாண்டும்போது
தொடையில் ஏதோ குத்தியது. சாவி.
போனும் அதே நேரம்:
காக், உங்கள் பூட்டு இன்னும் பலகையில் தொங்குது.
வெட்டிடுங்களேன்.
முடியாது காக், போட்டவர்தான் எடுக்கணும்.

பதினோரு வருடம் என் கல்லாவை
மேனேஜரின் எந்தச் சாவியும் திறந்தது.
இன்றைக்கு ஒரு பலகை முழுக்க இருட்டில்,
நான் வரும்வரை.

சுவா சூ காங்கில் இறங்கினேன்.
ஜூரோங் பக்கம் போகும் ரயில்
இன்னும் ஆறு நிமிடத்தில்.